வெயிலில் காயப்போட்ட கார்

ஹட்டனில் புளித்தண்ணியிடம் திட்டு வாங்கியதே இல்லை என்று யாராவது சொன்னால், ஒன்று அவர் ஹட்டனுக்கு வந்திருக்க மாட்டார், இல்லாவிட்டால் அவருக்குக் காது கேட்காது. கார் வைத்திருந்தவர்களைப் புளித்தண்ணி திட்டினார். கார் இல்லாதவர்களை, அடுத்தவர் கார்மேல் சாய்ந்து நின்றதற்காகத் திட்டினார். மழையைத் திட்டினார். மழை விட்டதும் கிளம்புகிற புழுதியைத் திட்டினார். ஸ்டேஷனிலிருந்து புறப்படுகிற ரயில், அவர் அப்போதுதான் துடைத்து முடித்த காரின்மேல் கரித்தூளைக் கொட்டிவிட்டுப் போனால், அது வளைவில் மறைகிற வரைக்கும் நின்று திட்டினார். ரயில் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. நாங்களும் சொன்னதில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டால் அதற்கும் திட்டுவார் என்று கேட்காமல் விட்டேன். ஹயர் கார் ஸ்டாண்டில் கார் கழுவி, துடைத்து, பளபளப்பாக்குவது தொழில். பம்பர், விளக்கு வளையம், கதவுப் பிடி என்று மின்ன வேண்டிய எல்லாவற்றையும் புளி கரைத்த தண்ணீரால் தேய்ப்பார். அதனால் புளித்தண்ணி. ஐம்பது வயதிருக்கும். காக்கிக் காற்சட்டை, எந்த வெள்ளைக்காரத் துரையோ போட்டுக் கழித்த கம்பளிக் கோட்டு. அந்தக் கோட்டுப் பைகளுக்குள் ஒரு பலசரக்குக் கடையே இருந்தது.

ஸ்டாண்டுக்கு நேர் எதிரே மோட்டார் சாமான் கடை. ஐம்பதுகளின் நடுவில் அதில் நான் சேல்ஸ்மேன். இருபத்துநாலு வயது. ஹட்டன் குளிரிலும் கோட்டில்லாமல் டை மட்டும் கட்டிக்கொண்டு நிற்பேன், டை தெரிய வேண்டுமே. சீமையிலிருந்து வந்த கப்பல் படம் போட்ட பாலிஷ் டின்னை விற்பதுதான் என் முக்கிய வேலை. யாராவது ஒருவர் காரை நிறுத்திவிட்டு எங்கள் கடைப் படியில் கால் வைத்தால் போதும், எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்துவிடும்.

"ஐயா, அந்த டின்ன வாங்காதீங்க. அது வெளக்கு எரிக்கக்கூட ஆகாது."

எங்கள் முதலாளி பொறுமைசாலி. தொழுகைக்குப் போகும்போதும் வரும்போதும் புளித்தண்ணிக்கு ஸலாம் வைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த மனிசன்ட வாய மூடச் செல்லுங்க தம்பி. இல்லாட்டி நாங்க கடைய மூட வேண்டி வரும்."

நான் ஒரு டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். புளித்தண்ணி என்னை, என் டையை, டின்னை என்று வரிசையாகப் பார்த்தார்.

"நீ படிச்சவன்தான? இதுக்குள்ள என்னா இருக்கு?"

"பாலிஷ்ங்க."

"அது மூடியில எழுதியிருக்கு. உள்ள என்னா இருக்குன்னு கேட்டேன்."

எனக்குத் தெரியவில்லை. அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு விரலால் தொட்டு இன்னொரு விரலில் தேய்த்தார். "மெழுகு. மண்ணெண்ண மாதிரி ஒன்னு. கொஞ்சம் வாசன. இதக் கொண்டாரதுக்கு ஒரு கப்பல்," என்று சொல்லி மூடித் தந்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கு டின்னு என்று பெயர். ஊரில் மூன்று வருடம் அந்தப் பெயரோடு அலைந்தேன். என்னை மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களே "டின்னு வீடு எது?" என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார்கள். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் உண்டு.

இப்போது கார் சாமான் கடைகளுக்குப் போனால் எனக்கு அதைவிடப் பெரிய கோபம் வருகிறது. டயருக்கு ஒரு போத்தல், கண்ணாடிக்கு ஒரு போத்தல், சீட்டுக்கு ஒரு போத்தல், எல்லா போத்தலிலும் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். அதை வாங்கிப் பூசிவிட்டு, காய்ந்த துணியால் புழுதியோடு சேர்த்துத் தேய்க்கிற மகாராசர்களைப் பார்க்கிறேன். புளித்தண்ணி இருந்திருந்தால் அந்தத் துணியைப் பிடுங்கி அவர்கள் முகத்தைத் துடைத்துவிட்டிருப்பார். புழுதி என்றால் பொடி மணல், மணலை வைத்துக் காரைத் தேய்க்கிறவன் சொந்தத் தலையையும் அப்படியே தேய்த்துக்கொள்ளட்டும் என்பார். அவர் வைத்திருந்த சாமான்களை உங்களுக்குச் சொல்கிறேன். எல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. செய்து பார்க்கலாம். பார்க்க மாட்டீர்கள் என்றும் தெரியும்.

கழுவுவதற்குச் சீயக்காய். சோடா கலந்த சவர்க்காரம் வேட்டிக்குத்தான், அது பெயிண்டின் உயிரை எடுத்துவிடும் என்பது அவர் கட்சி. ஒருமுறை வட்டவளையில் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கார் கழுவ அவரைப் பிடித்தார்கள். இருந்த சீயக்காயையெல்லாம் கரைத்து வெளியிலும் உள்ளேயும் கழுவிவிட்டார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் தும்மிக்கொண்டே போனார். சகுனம் சரியில்லை என்று மாப்பிள்ளையின் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். புளித்தண்ணி கோயில் வாசலில் நின்று, "அவரு தும்முறத ஏன் பாக்குறீங்க, காரப் பாருங்க. மாப்ளையவிட மினுங்குது," என்று சத்தம் போட்டார்.

முன்கண்ணாடிக்குப் புகையிலை. ஈரக் கண்ணாடியில் பச்சைப் புகையிலையைத் தேய்த்துவிட்டால் மழைத்தண்ணீர் நிற்காமல் வழிந்து ஓடும். எங்கள் பக்கத்து மழையைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று புரியும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா ஒருவர், வைப்பர் உடைந்துபோய்ப் புது வைப்பர் வாங்க எங்கள் கடைக்கு வந்தார். நான் பெட்டியைத் திறப்பதற்குள் புளித்தண்ணி இடுப்பிலிருந்து புகையிலையை எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து முடித்துவிட்டார். கொட்டுகிற மழையில் டிஸ்பென்சர் பொகவந்தலாவை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆறு மாதத்துக்கு அவர் வைப்பர் பக்கமே வரவில்லை.

தோல் சீட்டுக்கு வாழைப்பழத் தோலின் உள்பக்கம். கண்ணாடிக்குச் சலித்த சாம்பல், அப்புறம் பழைய பேப்பர். காருக்குள் விரித்திருக்கிற கம்பளத்துக்குச் சாயம் இறங்கிய தேயிலைச் சக்கை. சக்கையைப் பிழிந்து, ஈரத்தோடு தூவி, விளக்குமாற்றால் கூட்டினால் புழுதி கிளம்பாமல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஒரு துரைசானி தன் காருக்குள் சக்கையைப் பார்த்துவிட்டு, குப்பையைக் கொட்டிவிட்டான் என்று கூச்சல் போட்டாள். புளித்தண்ணி அசையாமல் கூட்டி முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நல்ல தேயிலையெல்லாம் பெட்டியேறிச் சீமைக்குப் போயிருது. நமக்கு மிச்சம் தூளு. அதுலயும் சாயத்தக் குடிச்சப்பறம் சக்கை. அந்தச் சக்கைய அவ காருக்கே குடுத்தாச்சு. இன்னும் என்னா வேணுமாம் அந்தம்மாவுக்கு?"

துரைசானிக்குத் தமிழ் தெரியாது என்பதால் நாங்கள் பிழைத்தோம்.

இனி செல்லமுத்துவின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

செல்லமுத்து டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய துரையின் கார் டிரைவர். சாந்தமான மனிதர், ஈக்கு வழிவிட்டு ஹார்ன் அடிக்கிற ரகம். துரை புதிதாகப் பாலாடை நிறத்தில் ஒரு கார் இறக்கியிருந்தார். வந்த அன்றே செல்லமுத்துவைக் கூப்பிட்டு, இந்தக் காரில் ஒரு கீறல், ஒரு பொட்டு இருக்கக்கூடாது, இருந்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். சும்மா சொல்லவில்லை. முந்திய டிரைவரை மட்கார்டில் விழுந்த ஒரு கீறலுக்காகக் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டு இறக்கியவர் அவர்.

தோட்டத்தை விட்டு இறக்குவது என்றால் என்ன என்று இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது. வேலை போகும், அதோடு குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். பக்கத்துத் தோட்டத்துக்காரன் சேர்க்கமாட்டான், ஏனென்றால் அந்தத் துரையும் இந்தத் துரையும் ஒரே கிளப்பில் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் தோட்டத்து ஜனத்தின் பிரஜாவுரிமையையும் வோட்டையும் அரசாங்கம் பிடுங்கி வைத்திருந்த காலம் வேறு. இந்த நாடு முழுவதையும் கொத்திப் பயிராக்கிக் கொடுத்தவனுக்கு, சட்டி பானையை இறக்கி வைக்க ஒரு சாண் நிலம் கிடையாது. செல்லமுத்துவின் மனைவிக்கு அப்போது நிறைமாதம்.

ஆயுத பூஜை வந்தது. துரை கொழும்புக்குப் போயிருந்தார், வெள்ளிக்கிழமை ரயிலில்தான் வருவார். தோட்டத்தில் ஆயுத பூஜை என்றால் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியிலிருந்து ஃபாக்டரி இயந்திரம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. தன் கையில் இருக்கிற வாகனத்துக்கு மட்டும் பூஜை இல்லையா என்று செல்லமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. காரை மாரியம்மன் கோயில் வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். பூசாரி காரின் எஞ்சின் மூடிமேல் பெரிய பட்டையாகச் சந்தனம் பூசி, உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம் வைத்தார்.

பூஜையில் வைத்த ஆயுதம் அன்றைக்கு ஓய்வெடுக்க வேண்டும். மறுநாள் காலையில் மறுபூஜை ஆகும்வரை அதைத் தொடக்கூடாது. பூஜை முடிந்து பொங்கல் சாப்பிடும்போதே மழை தூற ஆரம்பித்துவிட்டது. செல்லமுத்து பூசாரியிடம் ஓடினார். பூசாரி யோசித்து, தொடக்கூடாது, குடை பிடிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். பொழுது சாய்கிறவரை செல்லமுத்து காருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு குடைக்குள் எவ்வளவு கார் அடங்கும்? காலையில் பார்த்தால் குங்குமம் கரைந்து, மூடியிலிருந்து விளக்கு வரைக்கும் சிவப்புச் சிவப்பாக வழிந்து, பெயிண்டுக்குள் இறங்கிவிட்டது. துடைத்தார், போகவில்லை. கழுவினார், போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை செல்லமுத்து காரைக் கொண்டுவந்து எங்கள் கடைக்குப் பின்புறம் நிறுத்தினார். எதிரே புளித்தண்ணி இருக்கிறாரே, அவரிடம் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். சீமைக் காருக்குச் சீமைச் சாமான்தான் சரி என்று அவர் நினைத்தார். நான் நினைக்க வைத்திருந்தேன். டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, "கவலைப்படாதீங்கண்ணே," என்று சொல்லி, அலுமாரியிலிருந்து கட்டிங் பேஸ்ட்டை எடுத்தேன். அது புதுப் பெயிண்ட் அடித்தபின் சொரசொரப்பை ராவி எடுக்கிற பசை. எனக்கு அது தெரியாது. அரை மணி நேரம் மூச்சு வாங்கத் தேய்த்தேன். சிவப்பு போகவில்லை, பெயிண்டின் பளபளப்பு போய்விட்டது. சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஓர் இடம் சாணி மெழுகினதுபோல மங்கிக் கிடந்தது, அதற்கு நடுவிலும் சிவப்பு அப்படியே இருந்தது.

செல்லமுத்து மட்கார்டில் கை வைத்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் நிமிர்ந்து பார்த்தால் சந்தின் முனையில் புளித்தண்ணி.

கிட்டே வந்தார். காரைச் சுற்றி வந்தார். திட்டவில்லை.

"யாரு தேச்சது?"

நான் டையைச் சரிசெய்தேன்.

"ஒன்னத்தான்டா கேக்குறேன் டின்னு. மாட்ட லாடம் அடிக்கப் புடிச்ச மாதிரி காரப் போட்டுத் தேச்சிருக்கியே, ஒனக்குக் கையா, அரமா? தோலு உரிஞ்சு தொங்குது பாரு. சுண்ணாம்புச் செவரா இது? ஒங்கப்பன் வீட்டு அம்மிக்கல்லா?" இதோடு ஆரம்பித்துக் கால் மணி நேரம் போயிற்று. மீதியை எந்தப் பத்திரிகையும் போடாது. பிறகு சட்டென்று நிறுத்திவிட்டுச் செல்லமுத்துவிடம் திரும்பினார்.

"தொரை எப்ப வர்றாரு?"

"வெள்ளிக்கெழம பொழுதுபட ரயிலுல வர்றாருங்கண்ணே. போச்சுங்க. புள்ளத்தாச்சியக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்னு தெரியலைங்க."

"எங்கயும் போக வேணாம். கம்முனு இரு."

கோட்டுப் பையிலிருந்து புளியுருண்டையை எடுத்தார். ஈரப்படுத்தி, சிவப்புமேல் ஒரு பொட்டு வைத்து விரலால் மெல்லத் தேய்த்தார். எங்கள் கண்ணெதிரே சிவப்பு மஞ்சளாக மாறிவிட்டது. செல்லமுத்துவுக்கு அழுகை முட்டியது.

"அண்ணே, செவப்பு போயி மஞ்ச வந்துருச்சேண்ணே."

"வரட்டும். குங்குமம் என்னா, மஞ்சளும் சுண்ணாம்புந்தான? சுண்ணாம்பப் புளி தின்னுட்டா மஞ்சதான் நிக்கும். சேலையில மஞ்சக்கறை பட்டா ஒம் பொஞ்சாதி என்னா பண்ணுவா?"

"தொவச்சு வெயில்ல போடுவா."

"வெயில்ல போட்டா?"

"போயிருங்க."

"அப்ப வெயில்ல போடு."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தோம். ஹட்டனில் அந்த மாதத்தில் வானம் என்று ஒன்று இருப்பதே சந்தேகம். மேகம் கூரைத் தகரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "வட்டவளைப் பக்கம் போய்ப் பார்க்கலாமா?" என்றேன்.

"வட்டவளையில வெயிலா? அங்க காக்காகூடக் குடையோடதான் பறக்கும். கொஞ்சம் விட்டா எறம்பொடைக்குப் போயி அருவிக்கடியில நிறுத்தலாம்பான். வாயத் தொறக்காத." கொஞ்சம் யோசித்தார். "நுவரெலியாவத் தாண்டி வெலிமடைப் பக்கம் எறங்கணும். இங்க மழன்னா அங்க காயும்."

முதலாளிக்கு விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் கடைப் பசை துரையின் காரைக் கெடுத்தது என்று வெளியே வந்தால் எந்தத் தோட்டமும் எங்களிடம் சாமான் வாங்காது. "நீங்களும் போங்க தம்பி. காரு சரியாகாம கடைப் பக்கம் வர வேணாம்," என்றார். செல்லமுத்து ஆபீசில் பிரேக் பழுது என்று சொல்லிவைத்தார். துரை மைல் கணக்குப் பார்ப்பார் என்பதால் மைல் காட்டுகிற கம்பியையும் கழற்றிவிட்டு, அந்தப் பாவத்துக்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை விடியலில் புறப்பட்டோம். தலவாக்கலை வரைக்கும் புளித்தண்ணி என்னைத் திட்டினார். நானுஓயா வரைக்கும் ரோட்டைத் திட்டினார். நுவரெலியாவில் பனிமூட்டம், பக்கத்தில் வந்த மாட்டு வண்டிகூடத் தெரியவில்லை. "வெள்ளக்காரன் குளிருக்குன்னு தேடிப் புடிச்ச ஊரு. இதுல வெயிலு தேடுறோம் நாம," என்று கண்ணாடியை இறக்கி ஊரையே திட்டினார். ஹக்கலையைத் தாண்டி இறங்கினோம். ஒரு திருப்பத்தில் பனி விலகி, ரோடெல்லாம் வெயில் கிடந்தது. அப்போதுகூட அவர் சிரிக்கவில்லை. "இத்தன நேரம் எங்க போயிருந்துச்சாம்?" என்றார்.

வெலிமடைக்குக் கிட்டத்தில் ஒரு சிங்களக் கமக்காரர் வீட்டு முன்னால் நெல் காயப்போட்டிருந்தார். வெயில் நன்றாக விழுகிற சமதளம் அது ஒன்றுதான். கார் வந்து நெல்லுக்குப் பக்கத்தில் நின்றதும் அவர் எழுந்து வந்து, என்ன என்று கேட்டார்.

"அவ்வே வேலனவா," என்றார் புளித்தண்ணி. வெயிலில் காயவைக்கிறோம் என்று அர்த்தம்.

அந்த மனிதர் நெல்லைப் பார்த்தார், காரைப் பார்த்தார். சிரித்துவிட்டு ஒரு பாயைச் சுருட்டி இடம் விட்டார். அவருடைய நெல்லும் துரையின் காரும் இரண்டு நாள் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்தன. அந்த இரண்டு நாளும் எங்களுக்குச் சோறு போட்டவரும் படுக்கக் கொட்டில் கொடுத்தவரும் அவர்தான்.

புளித்தண்ணி சிவப்பு முழுவதையும் புளித்தண்ணீரால் மஞ்சளாக்கி, ஐந்து வாளி நல்ல தண்ணீர் விட்டு அலசினார். புளி தங்கினால் அது வேறு வம்பு என்றார். பிறகு வெயிலின் போக்குக்கு ஏற்ப அரைமணிக்கு ஒருதடவை காரைத் திருப்பி நிறுத்தச் சொன்னார். மேகம் வந்தால் அண்ணாந்து பார்த்து, "போடா அந்தப் பக்கம்," என்றார். சில மேகங்கள் போகவும் செய்தன. நான் கண்ணால் பார்த்தேன்.

வியாழன் மத்தியானம் செல்லமுத்து குனிந்து பார்த்தார், கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பவும் பார்த்தார். மஞ்சள் இல்லை. அப்படியே புளித்தண்ணியின் காலில் விழப் போனார்.

"கால்ல மண்ணு இருக்கு. அதத் தொட்டுட்டு அதே கையோட காரத் தொடுவ நீ. தள்ளி நில்லு."

மிச்சம், நான் பசையால் தேய்த்துத் தின்ன இடம். கோட்டுப் பையிலிருந்து தேன்மெழுகுக் கட்டி வந்தது. தகரப் பேணியில் உருக்கி, அடுப்பிலிருந்து இறக்கித் தள்ளி வைத்து மண்ணெண்ணெய் கலந்து, ஆறவைத்து, பழைய வேட்டித் துணியால் அந்த இடத்தில் தடவினார். "இனித் துணி ஆகாது. டின்னு, கைய வை," என்றார். உள்ளங்கையால், வட்டமாக, அழுத்தாமல், சூடு ஏற ஏற. அவர் ஒரு கை, நான் ஒரு கை. பொழுது சாய்வதற்குள் என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அந்த இடம் மட்டும் மற்ற இடங்களைவிட மின்னியது. அதனால் மற்ற இடங்களுக்கும் பூச வேண்டி வந்தது. அதற்கும் என்னைத்தான் திட்டினார்.

வெள்ளிக்கிழமை மாலை ஹட்டன் ஸ்டேஷன் வாசலில் கார் நின்றது. கார் என்று சொல்லக்கூடாது, கண்ணாடி. மைல் கம்பி திரும்ப மாட்டியாயிற்று. செல்லமுத்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவருகில் நின்றார். அவர் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. நான் டிக்கட் கவுண்டர் பக்கம் நின்றேன். புளித்தண்ணி ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஸ்டாண்டில்.

துரை வந்தார். நின்றார். காரைச் சுற்றி நடந்தார். மூடிமேல், நான் தின்ன அதே இடத்தில், ஒரு விரலை வைத்து இழுத்தார். எனக்கு அந்த நேரம் தாயுமில்லை தகப்பனுமில்லை.

"நல்லா இருக்கு டிரைவர். என்னா பாலிஷ் போட்டது?" என்று துரைத் தமிழில் கேட்டார்.

புளியையும் மண்ணெண்ணெயையும் துரையின் காரில் பூசினோம் என்று சொல்ல முடியுமா? செல்லமுத்து விழித்தார். என்னைப் பார்த்தார். "கப்பல் டின்னுங்க தொரை. ஸ்டாண்டுக்கு எதுத்த கடையில விக்கிறாங்க," என்றார். துரை சட்டைப் பையிலிருந்து துண்டுக் காகிதம் எடுத்து, பன்னிரண்டு டின் தோட்டத்துக்கு அனுப்பவும் என்று எழுதிச் செல்லமுத்துவிடம் கொடுத்தார்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன். ரயில் புறப்பட்டது. கரித்தூள் பறந்து வந்து மூடிமேல் விழுந்தது. எதிர்ப்பக்கம் நின்ற புளித்தண்ணிக்குப் பொறுக்கவில்லை. துரை நிற்பதையெல்லாம் கவனிக்காமல் ரோட்டைக் கடந்து வந்து, துடைக்காமல், துடைத்தால் கீறும் என்று, வாயால் ஊதுவதற்காகக் குனிந்தார்.

துரை கைத்தடியை நீட்டி அவர் நெஞ்சில் வைத்துத் தள்ளினார். "யார் இந்த ஆள்? போ. அழுக்குக் கை. கார் கிட்ட வரக் கூடாது."

ரயிலைத் திட்டியவர், மழையைத் திட்டியவர், நுவரெலியாவைத் திட்டியவர். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டடி பின்னால் போனார், திரும்பி நடந்தார். செல்லமுத்து தரையைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். டை கட்டிக்கொண்டு நின்றேன். அந்தத் தடியைப் பிடுங்கி முறித்திருக்க வேண்டும் என்று இத்தனை வருடம் கழித்தும் நினைக்கிறேன், நினைத்து என்ன? அந்தத் துரைமேல் எனக்கு இருக்கிற கோபத்தைவிட என்மேல் இருக்கிற கோபம் பெரிது.

கார் போனபின் செல்லமுத்து கொடுத்த காகிதத்தோடு ஸ்டாண்டுக்குப் போனேன். புளித்தண்ணி வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். யாரோ சொல்லிக் கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது என்று, துரை டின் வாங்கப் போகிற விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தன?"

"பன்னெண்டுங்கண்ணே."

அவர் கை நின்றது. "பன்னெண்டா? வருசக்கணக்குல இதத்தான் போட்டுப் பூசுவானுங்க. பாவம்டா அந்தக் காரு."

"அண்ணே, ஸ்டேஷன்ல நான் வாயத் தொறந்திருக்கணும்ணே."

"தொறந்திருந்தா செல்லமுத்துக் காம்பரா போயிருக்கும். அந்த மட்டுக்கும் ஒனக்குப் புத்தி இருக்கு. மத்தது எதுக்கும் இல்ல," என்று ஆரம்பித்தார். என் டையைத் திட்டினார். டையைக் கண்டுபிடித்தவனைத் திட்டினார். கப்பல் படத்தை, அதை வரைந்தவனை, டின்னுக்கு மூடி போட்டவனைத் திட்டினார். பனி இறங்கிவந்து ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். எதிரே முதலாளி கடைப் பலகைகளை அடுக்கிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். நான் நகரவில்லை. குரல் முன்போலவே கணீரென்று வந்துகொண்டிருந்தது, கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு லேசானது.

இடையில் அவர் மூச்சு வாங்க நிறுத்தினார். முடித்துவிட்டாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"கட்டிங் பேஸ்ட்டப் பத்தி இன்னும் நீங்க ஒன்னுமே சொல்லலையேண்ணே," என்றேன்.